விண்வெளிக் கதையில் ரேடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்வெளிக் கதை எழுதுகிறவர்கள் எஞ்சினுக்கு மெனக்கெடுகிறார்கள், ஆயுதத்துக்கு மெனக்கெடுகிறார்கள், ரேடியோவை மட்டும் பட்டனை அமுக்கினால் பேசும் பெட்டியாக விட்டுவிடுகிறார்கள். கைப்பிரதியைக் கொடுத்துக் கருத்துக் கேட்கும் நண்பர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஓரிடத்தில் போட்டிருக்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரேடியோவின் குறைகளை மூடி மறைக்காதீர்கள், கதை அங்கேதான் கிடக்கிறது.

கோள்விட்டுக் கோள் பறக்கும் காலத்திலும் ரேடியோவா? பழசாகத் தெரியாதா?

பழசுதான். ஆனால் ரேடியோ அலையும் வெளிச்சமும் ஒரே குடும்பம். இரண்டும் வெற்றிடத்தில் நொடிக்கு 2,99,792 கி.மீ. ஓடுகின்றன. அதை முந்தி ஓடும் எதையும் இயற்பியல் இதுவரை காட்டவில்லை. வேகத்தில் மிஞ்ச ஆளில்லாதபோது அதை எதற்குத் தூக்கி எறிய வேண்டும்? மேகம், தூசி, புகை எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும். செய்வதும் எளிது. உடைந்துபோன கலத்தில் ஒரு மின்கலமும் கொஞ்சம் கம்பியும் மிஞ்சியிருந்தால், கைதேர்ந்த ஒருத்தி அதைக் கொண்டே விட்டுவிட்டு ஒலிக்கும் ஒரு சிக்னலை அனுப்பிவிடுவாள். எதிர்காலக் கருவிகளில் இப்படிக் கையால் கட்டக்கூடியது வேறு என்ன இருக்கிறது?

தாமதம் உண்மையில் எவ்வளவு?

நிலா 3,84,400 கி.மீ. தூரம். போக 1.3 நொடி, வர 1.3 நொடி. பேசிக்கொள்ளலாம், ஆனால் ஜோக் சொன்னால் சிரிப்பு இரண்டரை நொடி கழித்துத்தான் வரும். சண்டை போடும்போது குறுக்கே பேச முடியாது. செவ்வாய் மிக அருகில் வரும்போது ஒரு வழிக்குச் சுமார் 3 நிமிடம், சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் 22 நிமிடம். வியாழனுக்கு 33 முதல் 54 நிமிடம். 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம், 2026 நவம்பர் வாக்கில் ஒரு முழு ஒளிநாள் தூரத்தைத் தொடும்; 'நலமா' என்று கேட்டால் 'நலம்' வர இரண்டு நாள்.

பலர் செய்யும் தவறு, 'செவ்வாய் என்றால் பத்து நிமிடம்' என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டு கதை முழுக்க ஓட்டுவது. கோள்கள் நகர்கின்றன. முதல் அத்தியாயத்தில் 4 நிமிடமாக இருந்தது, ஒரு வருடம் கழித்து வரும் அத்தியாயத்தில் 20 நிமிடம் ஆகியிருக்கும். பூமியில் விட்டுவந்த மகளோடு பேசும் அம்மாவுக்கு அந்த 16 நிமிட வித்தியாசம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் நடுவில் வந்து நிற்கும்போது, செவ்வாயில் இருக்கும் கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதையே சுமார் இரண்டு வாரம் நிறுத்திவைக்கிறார்கள். சூரியனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்மா, அதாவது மின்னேறிய வாயு, சிக்னலைக் குழப்பிவிடும், பாதி குழம்பிப்போன கட்டளை ஆபத்து. இரண்டு வாரம் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது குற்றக் கதைக்கு அல்வா மாதிரி.

அப்படியானால் உரையாடலே எழுத முடியாதா?

எழுதலாம். வசனத்துக்கு வசனம் என்று எழுதுவதை மட்டும் விட்டுவிட வேண்டும். நம்மிடம் தூது என்று ஓர் இலக்கிய வகையே இருக்கிறது. அனுப்புகிறவள் அன்னத்திடமோ மேகத்திடமோ சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லித் தீர்ப்பாள், பதில் அந்தப் பாட்டுக்குள் வராது. கோள்களுக்கு இடையிலான பேச்சு தொலைபேசியைவிடத் தூதுக்குத்தான் நெருக்கம். அடுத்த ஆள் என்ன கேட்பார் என்று ஊகித்து, அதற்கான பதிலையும் சேர்த்தே அனுப்பப் பழகிவிடுவார்கள்.

இன்னொரு வழி, செய்திகளை ஒன்றையொன்று தாண்டிப் போகவிடுவது. ஒரு சுரங்க நிலையம், அதிலிருந்து 9 ஒளிநிமிட தூரத்தில் ஒரு சரக்குக் கலம் என்று வைத்துக்கொள்வோம்.

06:00, கலம்: மூன்றாம் வால்வு அடைத்துக்கொண்டது. நான்காவதைத் திறக்கலாமா?
06:09, நிலையத்துக்குக் கேள்வி வந்து சேர்கிறது. நான்கு நிமிடம் வரைபடத்தைப் புரட்டுகிறார்கள்.
06:13, நிலையம்: திறக்காதீர்கள். எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.
06:15, கலம்: அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. இனி காத்திருக்க முடியாது. நான்காவதைத் திறந்துவிட்டோம்.
06:22, கலத்துக்கு 'திறக்காதீர்கள்' வந்து சேர்கிறது.
06:24, நிலையத்துக்கு 'திறந்துவிட்டோம்' வந்து சேர்கிறது.

06:15இலிருந்து 06:22 வரை கலத்தின் தலைவி தான் சரியாகச் செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். 06:13இலிருந்து 06:24 வரை நிலையம் ஆளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. இதில் வில்லன் யாரும் இல்லை, வெறும் தூரம்தான். எந்த நேரம் எந்தக் கடிகாரத்தில் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதில் பிசகினால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார், கணக்குப் போடும் வாசகர்கள் நம்மைவிடப் பொறுமைசாலிகள்.

அவ்வளவு தூரம் எட்ட பிரமாண்டமான சக்தி வேண்டாமா?

வாயேஜர் 1இல் இருக்கும் பரப்பியின் (டிரான்ஸ்மிட்டரின்) சக்தி சுமார் 23 வாட். ஒரு சின்ன பல்புக்கு ஆகும் மின்சாரம். அது 2,400 கோடி கி.மீ.க்கு அப்பாலிருந்து கேட்கிறது.

ரகசியம் ஆன்டெனாவில் இருக்கிறது. எல்லாப் பக்கமும் சிதறவிடாமல், 3.7 மீட்டர் டிஷ்ஷை வைத்து ஒரே திசையில் குவிக்கிறார்கள். அப்படியும் கற்றை பூமியை எட்டும்போது சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைவிட அகலமாக விரிந்துபோயிருக்கும். தூரம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் சக்தி கால்வாசிதான், பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்கு. இங்கே 70 மீட்டர் டிஷ் வைத்துத் துளித்துளியாகப் பொறுக்குகிறார்கள். கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பெரா என்று உலகத்தைச் சுற்றி மூன்று இடங்களில் அந்த டிஷ்கள் நிற்பது, பூமி எப்படித் திரும்பினாலும் ஒன்றாவது அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காக. இவ்வளவுக்கும் பிறகு வருவது நொடிக்கு 160 பிட். இந்தப் பத்தியை அந்த வேகத்தில் அனுப்பினால் தேநீர் ஆறிவிடும்.

எனவே கதையில் 'சக்தியைக் கூட்டு' என்று கத்துவதற்குப் பதில் 'டிஷ்ஷைத் திருப்பு' என்று கத்தவிடுங்கள். 1989இல் ஏவப்பட்ட கலிலியோ கலத்துக்கு நடந்ததைப் பாருங்கள். குடை போல மடித்துவைத்த 4.8 மீட்டர் ஆன்டெனா 1991இல் விரிய மறுத்தது. நொடிக்கு 1,34,000 பிட் என்று போட்டிருந்த கணக்கு, சின்ன ஆன்டெனாவை நம்பி வெறும் 10 பிட் என்று இறங்கியது. தரையில் இருந்தவர்கள் தகவலைச் சுருக்கும் புது மென்பொருளை ரேடியோ வழியே கலத்துக்கு ஏற்றி, கேட்கும் டிஷ்களையும் மேம்படுத்தி, அதை 160க்கு இழுத்தார்கள். அந்தச் சின்ன ஆன்டெனாவோடுதான் வியாழனில் திட்டமிட்ட ஆய்வின் பெரும்பகுதியை முடித்தார்கள். ஒரு குடைக் கம்பி சிக்கியதில் இவ்வளவு கதை.

கலம் வேகமாக ஓடினால் அலைவரிசை மாறுமா?

மாறும். ரயில் நம்மைத் தாண்டிப் போகும்போது ஹாரன் சத்தம் இறங்குகிறதே, அதே டாப்ளர் விளைவுதான். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஒரு கலம் விலகிப் போகிறது என்றால், அது 100 மெகாஹெர்ட்ஸில் அனுப்புவது நமக்கு 90.5இல் கேட்கும். நெருங்கி வந்தால் 110.6. பாதி ஒளிவேகத்தில் விலகினால் 57.7க்கு விழுந்துவிடும். அதுமட்டுமல்ல, பேச்சே இழுபடும். அங்கே ஒரு நிமிடம் பேசியது இங்கே ஒன்றே முக்கால் நிமிடமாக வந்து சேரும். வேகக் கலங்கள் நிறைந்த உலகத்தில் ரேடியோ இயக்குபவரின் முதல் வேலை, எதிராளி எவ்வளவு வேகத்தில் ஓடுகிறார் என்று பார்த்து அலைவரிசையைத் தேடிப் பிடிப்பதுதான்.

இதில் நிஜ உலகமே சறுக்கியிருக்கிறது. சனியின் நிலவான டைட்டனில் இறங்கவேண்டிய ஹைகன்ஸ் ஆய்வுக் கலம், தன் தகவலைத் தாய்க் கலமான காசினிக்கு அனுப்பும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. இரண்டும் 1997இல் ஒன்றாகக் கிளம்பிவிட்டன. போரிஸ் ஸ்மெட்ஸ் என்ற ஐரோப்பியப் பொறியாளர் 2000இல் ஒரு சோதனை செய்து பார்த்தார். பூமியிலிருந்து, ஹைகன்ஸ் அனுப்புவது போலவே டாப்ளர் மாற்றத்தோடு ஒரு பொய் சிக்னலைக் காசினிக்கு அனுப்பினார். திரும்பி வந்தது குப்பை. காசினியின் வாங்கி (ரிசீவர்), அலைவரிசை நகர்வதைச் சமாளித்தது. ஆனால் பிட்கள் வந்து விழும் தாளமும் அதே அளவுக்கு மாறும் என்பதை அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. பறந்துகொண்டிருக்கும் கருவியைத் திருத்த வழியில்லை. வழியில்லை என்றதும் பாதையை மாற்றினார்கள்: காசினியை டைட்டனிலிருந்து இன்னும் தள்ளிப் போகவைத்து, இரண்டுக்கும் இடையிலான வேகத்தைக் குறைத்தார்கள். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் இறங்கியது, படங்கள் வந்தன. ஆனால் ஹைகன்ஸ் தகவல் அனுப்பிய இரண்டு ரேடியோ தடங்களில் ஒன்றைக் கேட்கும் வாங்கியை இயக்கும் கட்டளை விடுபட்டுப்போனதால், பாதிப் படங்கள் போயே போய்விட்டன. அந்தத் தடத்தில் வரவேண்டிய காற்று வேக அளவைப் பூமியில் இருந்த ரேடியோ தொலைநோக்கிகள் நேரடியாகக் கேட்டு மீட்டன.

வளிமண்டலத்துக்குள் நுழையும்போது தொடர்பு அறுந்துபோவது சினிமா கற்பனையா?

உண்மை. கலத்துக்கு முன்னால் நசுங்கும் காற்று வெந்து பிளாஸ்மாவாகிறது, அதற்குள் திரியும் எலக்ட்ரான்கள் ரேடியோ அலையைத் திருப்பி அடிக்கின்றன. அப்பல்லோ கலங்கள் திரும்பியபோது சுமார் மூன்று நிமிடம் மௌனம். ஆனால் பிளாஸ்மா கலத்தை முழுக்கப் போர்த்துவதில்லை, முதுகுப் பக்கம் இடைவெளி இருக்கும். விண்ணோடம் அந்த வழியாக மேலே இருக்கும் செயற்கைக்கோளோடு பேசியது. 2024 மார்ச்சில் ஸ்டார்ஷிப் நுழைவின்போது பிளாஸ்மாவின் படமே ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் வழியாக நேரலையில் வந்தது. உங்கள் கோளைச் சுற்றி மேலே செயற்கைக்கோள்கள் இருந்தால் மௌனத்துக்கு வேறு காரணம் தேடுங்கள். யாரும் போகாத கோள் என்றால் மௌனம் தாராளமாக இருக்கட்டும்.

வேற்றுக் கோளின் தரையில் இருவர் வாக்கி டாக்கியில் எவ்வளவு தூரம் பேசலாம்?

கோள் சிறிதானால் தொடுவானம் கிட்டத்தில் வந்துவிடும். நிலாவில் 2 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்திருந்தால் தொடுவானம் 2.6 கி.மீ.; அதே உயரத்தில் இன்னொருவர் நின்றால் இருவருக்கும் நடுவே ஐந்து கி.மீ. சொச்சம். செவ்வாயில் ஏழு கி.மீ. சொச்சம். அதற்கு மேல் போனால் தரை மறைத்துவிடும்.

பூமியில் இந்தத் தடையைத் தாண்ட ஒரு கூரை இருக்கிறது. 1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி அட்லாண்டிக்கின் அக்கரையில் மூன்று புள்ளிகளைக் கேட்டதாக அறிவித்தபோது, வளைந்த பூமியை அலை எப்படித் தாண்டியது என்று யாருக்கும் விளங்கவில்லை. வானத்தின் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கு இருந்து ரேடியோ அலையைத் திருப்பி அனுப்புகிறது என்று அடுத்த வருடமே கென்னலியும் ஹெவிசைடும் ஊகித்தார்கள், 1924இல் ஆப்பிள்டன் அதை நிரூபித்தார். நிலாவில் அப்படிக் கூரை கிடையாது. செவ்வாயில் இருப்பது மெலிசு. அதனால் உங்கள் குடியேறிகள் முதல் வேலையாகக் கோபுரம் கட்டுவார்கள் அல்லது செயற்கைக்கோள் விடுவார்கள். செவ்வாயில் ஓடும் 'கியூரியாசிட்டி' ஊர்தி நேராகப் பூமியோடு பேசினால் நொடிக்கு 500 முதல் 32,000 பிட் வரைதான்; தலைக்கு மேல் சுற்றும் கலத்தின் வழியாகப் பேசினால் இருபது லட்சம் பிட் வரை போகும். நிலாவின் மறுபக்கத்துக்கோ பூமியே தெரியாது. 2019 ஜனவரியில் சீனாவின் சாங்'ஒ-4 அங்கே இறங்குவதற்கு முன், முந்தைய வருடமே 'சுவெச்சியாவ்' என்ற அஞ்சல் செயற்கைக்கோளை நிலாவுக்கு அப்பால் சுமார் 65,000 கி.மீ. தள்ளி நிறுத்திவைத்தார்கள்.

ஒரு எதிரி அந்த ஒரு செயற்கைக்கோளைச் சுட்டு வீழ்த்தினால் மறுபக்கத்தில் இருப்பவர்கள் கதி என்ன? இதைச் சும்மா கேட்டுவைக்கிறேன்.

கடலே கோளாக இருந்தால்?

உப்புத் தண்ணீர் ரேடியோவை விழுங்கிவிடும். அதிர்வெண் குறையக் குறைய ஆழம் போகும்: 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் அலைகள் சில பத்து மீட்டர். பனிப்போர்க் காலத்தில் ஆழத்தில் கிடக்கும் நீர்மூழ்கிகளை அழைக்க அமெரிக்கா 76 ஹெர்ட்ஸையும் சோவியத் 82 ஹெர்ட்ஸையும் பயன்படுத்தின. அதற்குப் பல கி.மீ. நீள ஆன்டெனா வேண்டும், தகவலோ எழுத்துக்கு எழுத்து நகரும். அதனால் அது 'மேலே வந்து கேள்' என்ற அழைப்பு மணியாக மட்டுமே இருந்தது. மற்றபடி கடலுக்குள் ஒலிதான் ராஜா.

கலத்துக்குள் இருந்தபடி கைக்கருவியில் வெளியே இருப்பவரோடு பேசலாமா?

நேராக முடியாது. உலோகப் பெட்டிக்குள்ளிருந்து அலை வெளியே வராது. உள்ளே ஒரு வாங்கி, கலத்தின் தோலில் ஓர் ஆன்டெனா, இரண்டுக்கும் நடுவே கம்பி. அந்தக் கம்பியை அறுப்பது மிக மலிவான சதிவேலை.

ஒளிந்திருக்கும் போர்க்கலம் ரேடியோவில் பேசலாமா?

இருட்டில் ஒளிந்துகொண்டு தீப்பந்தம் ஆட்டுவது மாதிரி. இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து திசையைக் குறித்தால் கோடுகள் வெட்டும் இடத்தில் கலம் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மிகச் சுருக்கமாகத்தான் பேசின. அந்தச் சில நொடிகளே நேச நாடுகளின் திசையறியும் கருவிகளுக்குப் போதுமானதாக இருந்தது. எனவே ஒளிந்திருப்பவர்கள் கேட்பார்கள், பேசமாட்டார்கள். உங்கள் கப்பல் தலைவர் தனக்கு வந்த உத்தரவு புரிந்ததா இல்லையா என்பதைக்கூடத் தலைமையகத்துக்குச் சொல்ல முடியாமல் தவிப்பது நல்ல காட்சி.

பேசியே ஆகவேண்டும் என்றால் வழிகள் உண்டு. ஒரே அலைவரிசையில் நிற்காமல் இருதரப்பும் முன்பே பேசிவைத்த வரிசையில் தாவிக்கொண்டே இருக்கலாம். நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் 1942இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். டார்ப்பிடோவை எதிரி குழப்பாமல் வழிநடத்த, தானியங்கி பியானோவில் ஓடும் துளைக் காகிதச் சுருளைக் கொண்டு 88 அலைவரிசைகளில் தாவுவது அவர்கள் யோசனை. பியானோவிலும் 88 கட்டைகள்தான்.

கரகர சத்தம், 'பீப்', 'ஓவர் அண்ட் அவுட்': எதை வைத்துக்கொள்ளலாம்?

கரகரப்பு பழைய அனலாக் ரேடியோவின் சொத்து. டிஜிட்டலில் சிக்னல் பலவீனமானால் குரல் தெளிவாக இருந்துகொண்டே இருக்கும், திடீரென்று துண்டுதுண்டாகி நின்றுவிடும். மெல்ல மங்கும் குரல் வேண்டுமானால் உங்கள் கலத்துக்குப் பழைய ரேடியோ கொடுங்கள்.

'பீப்' சத்தத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அப்பல்லோ காலத்தில் ஹூஸ்டனிலிருந்து குரல் தொலைபேசிக் கம்பி வழியாகத் தொலைதூர நிலையங்களுக்குப் போனது. அங்கே இருந்த பரப்பியைத் திறக்க 2525 ஹெர்ட்ஸில் ஒரு கால் நொடி ஒலி, மூட 2475 ஹெர்ட்ஸில் இன்னொன்று. குவிண்டார் ஒலி என்று பெயர். தரையிலிருந்து பேசும்போது மட்டும் எழுந்த சத்தம் அது. விண்வெளி வீரர் பேசி முடித்ததும் 'பீப்' வைப்பது சும்மா அலங்காரம்.

'ஓவர்' என்றால் நான் முடித்தேன், நீ பேசு. 'அவுட்' என்றால் பேச்சு முடிந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வது 'வாங்க, போங்க' என்பது போல.

லேசர் வந்தால் ரேடியோவுக்கு வேலை போய்விடாதா?

பாதி போகும். 2023 டிசம்பரில் சைக்கி கலத்திலிருந்து 3.1 கோடி கி.மீ. தூரத்தைத் தாண்டி, நொடிக்கு 26.7 கோடி பிட் வேகத்தில் ஒரு பூனை வீடியோ பூமிக்கு வந்தது. ஆரஞ்சு நிறப் பூனை லேசர் புள்ளியைத் துரத்தும் வீடியோ. வந்து சேர 101 நொடி. வேகம் என்று வந்தால் ரேடியோ இதோடு மல்லுக்கட்ட முடியாது. ஆனால் மேகம் வந்தால் லேசர் நின்றுவிடும், கற்றை மிகக் குறுகியது என்பதால் குறி தப்பினால் ஒன்றுமே கிடைக்காது. உருண்டு புரளும் சேதமான கலம் லேசரைக் குறிவைக்க முடியாது, ரேடியோவில் கத்தலாம். படமும் புள்ளிவிவரமும் லேசரில், உயிர்ப் பிரச்சினை ரேடியோவில் என்று பிரித்துக்கொண்டால் நம்பும்படி இருக்கும்.

குவாண்டம் பிணைப்பை வைத்து உடனுக்குடன் பேசமுடியாதா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. முடியாது. பிணைந்த இரு துகள்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போகிறீர்கள். நீங்கள் அளந்தால் காசு சுண்டியது போலப் பூவோ தலையோ விழும். எது விழ வேண்டும் என்று நீங்கள் சொல்ல முடியாது. அங்கே இருப்பவருக்கும் அப்படியே. உங்கள் பட்டியலையும் அவர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பொருத்தம் தெரியும், அந்தப் பட்டியலை அனுப்ப மறுபடியும் ரேடியோதான்.

ஒளியை மிஞ்சும் கற்பனைத் துகளுக்கு 1967இல் ஜெரால்டு ஃபைன்பெர்க் டேக்கியான் என்று பெயர் வைத்தார். அப்படி ஒன்றைக் கொண்டு செய்தி அனுப்ப முடிந்தால், சார்பியல் கணக்குப்படி கேள்விக்கு முன்பே பதில் வந்துவிடும் நிலைமை உண்டாகிறது. இதையெல்லாம் மீறி உடனடித் தொடர்பு வேண்டும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், புனைகதைதானே. ஆனால் ஒரு விலை வையுங்கள்: நிமிடத்துக்கு மூன்று சொல்தான் போகும், அல்லது ஒரு பேரரசில் இரண்டே நிலையங்கள். விலையில்லாத தொடர்பு வந்துவிட்டால் தொலைதூர ஆளுநர், தன்னிச்சையாக முடிவெடுக்கும் தலைவி, காலம் கடந்து வரும் கடிதம் எல்லாம் கதையைவிட்டு ஓடிப்போகும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது, கலம் ஒளியை மிஞ்சலாம் ஆனால் ரேடியோ மிஞ்சாது என்ற உலகம். அங்கே செய்தியைக் கலத்தில் ஏற்றிக்கொண்டுதான் போகவேண்டும், பாய்மரக் கப்பல் காலம் திரும்பிவிடும். பிரிட்டனும் அமெரிக்காவும் 1814 டிசம்பர் 24 அன்று இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் கென்ட் நகரில் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சேதி கடலைத் தாண்டுவதற்குள், 1815 ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்ஸில் பெரும் போர் நடந்து முடிந்துவிட்டது.

வேற்றுலகினர் நம் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார்களா?

சில ஒளியாண்டு தாண்டினால் அந்தக் கசிவு விண்ணின் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். அதைப் பிரித்தெடுக்க அவர்களிடம் நம்மிடம் இல்லாத பிரமாண்டமான ஆன்டெனா வேண்டும். வேண்டுமென்றே குவித்து அனுப்பினால் கதை வேறு. 1974 நவம்பர் 16 அன்று அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து 1,679 பிட் செய்தி ஒன்றை எம்13 விண்மீன் கூட்டத்தை நோக்கி அனுப்பினார்கள். 1,679 என்பது 23ஐ 73ஆல் பெருக்கினால் வருவது. இரண்டும் பகா எண்கள் என்பதால் செவ்வகமாக அடுக்க இரண்டே வழிதான் இருக்கிறது, சரியான வழியில் அடுக்கினால் படம் தெரியும். போய்ச் சேர 25,000 ஆண்டு.

கேட்கும் பக்கத்தில் கதைகள் இன்னும் சுவை. 1959இல் கொக்கோனியும் மாரிசனும், பேச விரும்புகிறவர்கள் ஹைட்ரஜன் தானாக முனகும் 1420 மெகாஹெர்ட்ஸை எடுப்பார்கள் என்று எழுதினார்கள். மறு வருடமே ஃப்ராங்க் டிரேக் இரண்டு விண்மீன்களை அந்த இடத்தில் கேட்டுப் பார்த்தார். 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓஹையோவில் 72 நொடி நீண்ட ஒரு சிக்னல் வந்தது, அதன்பிறகு வரவேயில்லை. அப்புறம் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது விழுந்த விசித்திரத் துடிப்புகள்: 2015இல் பிடிபட்டது குற்றவாளி, ஆய்வகத்தின் மைக்ரோவேவ் அடுப்பு. நேரம் முடியும் முன்பே யாரோ கதவைத் திறக்கும்போது அது ஒரு துடிப்பைக் கக்கியிருக்கிறது. முதல் தொடர்புக் கதை எழுதுகிறவர்கள் தயவுசெய்து, நாயகி முதலில் சமையலறையைச் சோதிப்பதாக ஒரு பக்கம் எழுதுங்கள்.

விண்மீனுக்கு விண்மீன் ரேடியோ சாத்தியமா?

பொறுமை இருந்தால். மிக அருகில் இருக்கும் பிராக்சிமாவுக்கு 4.24 ஒளியாண்டு, பதிலோடு எட்டரை வருடம். சூரியனின் ஈர்ப்பு அலைகளை வளைத்துக் குவிக்கிறது என்பதால், சூரியனையே லென்ஸாக்கலாம் என்று 1979இல் வான் எஷல்மன் எழுதினார். குவியும் இடம் பூமி-சூரிய தூரத்தைப் போல 550 மடங்குக்கு அப்பால். வாயேஜர் 1 இத்தனை வருடத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நெருங்கியிருக்கிறது. அங்கே ஒரு தனி நிலையம், எட்டரை வருடத்துக்கு ஒரு பதில், காவலுக்கு ஒருவர். யாராவது எழுதுங்கள், நான் படிக்கிறேன்.

ஆன்டெனா திசை மாறிப்போன கலத்தைத் திரும்பப் பிடிக்க வழி உண்டா?

உண்டு, அதுவும் நடந்த கதை. 2023 ஜூலை 21 அன்று வாயேஜர் 2க்குப் போன கட்டளைத் தொகுப்பில் ஒரு பிழை. கலம் சொன்னபடி கேட்டு, தன் ஆன்டெனாவைப் பூமியிலிருந்து 2 டிகிரி திருப்பிக்கொண்டது. இரண்டே டிகிரி. சுமார் 2,000 கோடி கி.மீ. தூரத்தில் அது போதும். அது அனுப்பியது நமக்கு வரவில்லை, நாம் அனுப்பியது செவிடன் காதில் ஊதிய சங்கு.

வருடத்தில் சில முறை பூமி எங்கே என்று தானே பார்த்துத் திரும்பிக்கொள்ளும்படி அந்தக் கலத்துக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அடுத்த முறை அக்டோபர் 15. காத்திருக்கலாம். ஆனால் ஆகஸ்ட் தொடக்கத்தில் டிஷ்கள் அதன் வெறும் சுமப்பலையை, தகவல் எதுவும் இல்லாத ஒரு முனகலை, கேட்டுவிட்டன. உயிரோடு இருக்கிறது என்று தெரிந்ததும், கான்பெராவின் 70 மீட்டர் டிஷ்ஷிலிருந்து உச்ச சக்தியில் 'இந்தப் பக்கம் திரும்பு' என்ற கட்டளையை அனுப்பினார்கள். போய்ச் சேர பதினெட்டரை மணி. கேட்டதா, புரிந்ததா, திரும்பியதா என்று தெரிய இன்னொரு பதினெட்டரை மணி. அந்த 37 மணி நேரமும் ஒருவரும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் 4 அன்று தகவல் மறுபடி ஓடத் தொடங்கியது.